பொடக்காளியில் ஒரு மஞ்சள் வெளிச்சம்

வீட்டுக்குப் பின்னால் நிழல் போட்டுத் தரும் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளும் தங்கச்சிகளும் என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்வி. எந்தத் துணி நல்ல துணி அக்கா? வெயிலுக்கு எத்தனை காலம் தாங்கும், காற்றுக்குக் கிழியுமா, மழைக்கு ஒழுகுமா? இதற்கெல்லாம் துணியோடு வருகிற அட்டையிலேயே பதில் இருக்கிறது. அட்டையில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வீட்டுக்கு நானே தைத்துக் கட்டிக்கொடுத்த நிழல். அதன் கீழே பிறந்து சில நாளே ஆன ஒரு பெண் குழந்தை படுத்திருந்தது. அந்தக் குழந்தைக்கு என்ன ஆகிக்கொண்டிருந்தது என்பதை, என் துணி யார் கண்ணுக்கும் காட்டவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து டவுன் பஸ் ஏறி, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தார்ப்பாய்க் கடைக்குத் தையல் வேலைக்குப் போனேன். கடைசி வரைக்கும் அதே கடைதான். முதலில் லாரிக்குத் தைத்தோம். பிறகு காலம் மாறி, வீட்டு மொட்டை மாடிக்கும் பின்கட்டுக்கும் நிழல் துணி கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

லாரித் தார்ப்பாய் தைத்து முடித்ததும் கடை மாடியில் கயிறு கட்டி அதன்மேல் போட்டு, கீழே போய் நின்று பார்ப்போம். எங்காவது ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் அதன் வழியாக வெயில் ஒரு புள்ளியாக மின்னும். நின்று பார்த்தால் கழுத்து வலிக்கிறது என்று நான் படுத்துக்கொண்டே பார்ப்பேன். நடுப்பகலில் நட்சத்திரம் பார்க்கிற வேலை உலகத்தில் யாருக்குக் கிடைக்கும்? நீலத் தார்ப்பாய்க்குக் கீழே படுத்தால் கிணற்றின் ஆழத்தில் கிடப்பது மாதிரி இருக்கும். காக்கித் துணிக்குக் கீழே எந்நேரமும் மாலை நேரம்தான். பச்சைக்குக் கீழே என் கையைப் பார்த்தால் அது வேறு யாருடைய கையோ என்று தோன்றும். கீழே செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் மூட்டை இறக்குகிற சத்தமும் ஆட்டோ ஹாரனும் ரொம்ப தூரத்துக்குப் போய்விடும். சில நாள் அப்படியே கண் அசந்தும் இருக்கிறேன்.

அந்தச் சுகத்துக்கு நடுவிலும் கவலை மட்டும் போகாது. நான் கவலைக்காரி. கட்டிவிட்டு வந்த துணியின் முடிச்சு அவிழ்ந்திருக்குமோ, நான் குத்திய பித்தளை வளையம் பிய்ந்து யார் தலையிலாவது விழுந்திருக்குமோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைப்பேன். என்னோடு வந்து பைப்பு நட்டுக் கயிறு இழுக்கிறவர் குப்புசாமி. மல்லசமுத்திரத்துப் பக்கத்து ஆள். அவர் சிரிப்பார்.

"காத்து அடிச்சாலும் கவலப்படும் இந்தக்கா. அடிக்காட்டி ஏன் அடிக்கலீன்னும் கவலப்படும்."

அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த வீட்டு விஷயத்தில் கவலையைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

ஒரு சித்திரை மாதம் கடைக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் செங்கோட்டுவேல் அண்ணன். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தோடு வீடு. ரெண்டு லாரி ஓட்டுகிறவர். ரொம்ப நாளாக அவர் லாரிகளுக்கு என் கையால்தான் தார்ப்பாய்.

"ஏனுங்கம்மிணி, பொடக்காளிக்கு ஒரு மறப்பு வேணுமுங்க. வெயிலு தாங்க முடியல."

நான் கிழக்குப் பக்கத்துக்காரி. அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை.

"எந்தக் காளிங்கண்ணா? கோயில் உங்க ஊர்லயா?"

 அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"காளியுமில்லீங்க, மாரியுமில்லீங்க. ஊட்டுக்குப் பின்னால இருக்கற எடத்த நாங்க அப்பிடித்தானுங்க சொல்லுவோம். எம்பட புள்ளைக்கு இது தலப்பிரசவம். கொழந்தையத் தூக்கீட்டு இங்கதான் வரோணும். தார்சு ஊடு பாருங்க, பகல்ல உள்ள இருந்தா வெந்து போகும். அவ படுக்க, கொழந்த படுக்க, பின்னால ஒரு நெழலு வேணும்."

தார்சு வீடு என்றால் கான்கிரீட் கூரை போட்ட வீடு. சித்திரையில் அதற்குள் பகலில் இருக்கிறவர்களுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். அடுத்த நாளே நானும் குப்புசாமியும் போனோம். மேற்குப் பார்த்த வீடு. பின்பக்கம் கிழக்கு. காலையில் வெயில் நேராக உள்ளே வந்து உச்சி தாண்டும் வரைக்கும் நிற்கும். மதியத்துக்கு மேல் வீட்டு நிழலே பின்னால் விழுந்துவிடும். ஒரு முருங்கை, துவைக்கிற கல், சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த சுவர். நல்ல இடம்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சண்டை. வீட்டில் அண்ணன், அவர் மனைவி பாப்பாத்தி அக்கா, மாசமாக இருந்த மகள் கீர்த்தனா, மூன்று பேருக்கும் மூன்று மனசு.

"தகரம் அடிச்சுருங்க, ஒரே வேலையாப் போச்சு" என்றார் பாப்பாத்தி அக்கா.

"தகரத்துக்குக் கீழ உக்காந்தா தோசக்கல்லுக்குக் கீழ உக்காந்த மாதிரிம்மா" என்றாள் கீர்த்தனா.

"அப்ப கீத்து வேயட்டும்."

"கீத்துல பாம்பு வந்து அடையும். கொழந்த படுக்கற எடம்டி" என்று அண்ணன் மறித்தார்.

துணி என்று முடிவானது. நான் மாதிரிக்குக் கொண்டுபோயிருந்த துண்டுகளில் அக்கா பச்சை வலையைத் தொட்டுப் பார்த்து, கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார். அண்ணன் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

"இந்த ஊர்ல பச்ச வல கட்டுனா என்ன நெனப்பாங்க? கோழிப்பண்ண போட்டுட்டான் செங்கோட்டுவேலுன்னு முட்ட கேட்டுக்கிட்டு வருவாங்க. எம்பட பேத்திய என்ன, குஞ்சு வளக்கற மாதிரி வளக்கறதுங்களா?"

"பேத்தின்னு முடிவே பண்ணிட்டீங்களாப்பா?"

"பேத்திதான். நீ வேணாப் பாரு."

கீர்த்தனா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். எங்கோ வெளிநாட்டுத் தோட்டத்தில் வெள்ளைத் துணி பாய்மரம் மாதிரி விரிந்திருந்தது. வெள்ளை என்றால் காக்கை எச்சம் தெரியும் என்று அண்ணன் தள்ளினார். நீலம் ஒழுகுகிற வீட்டுக்குப் போடுவது என்றார். கறுப்பு என்ற பேச்சையே அக்கா எடுக்க விடவில்லை. கடைசியில் அண்ணனே நான் கொண்டுபோன துண்டுகளிலிருந்து மஞ்சளை உருவினார்.

"இதப் பாருங்க. நல்ல காரியம் நடக்கற ஊடு. மஞ்ச ஆகாதுன்னு எவனாவது சொல்லுவானா?"

யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கீர்த்தனா மட்டும் வெள்ளைத் துண்டை இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

கட்டி முடித்த அன்று காலையில் அந்த இடத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வெயில் துணியின் மேல் விழுந்து, வடிகட்டினது மாதிரி கீழே இறங்கியது. சுண்ணாம்புச் சுவர் நெய் பூசியது போல ஆகிவிட்டது. துவைக்கிற கல்லில் இருந்த தண்ணீர் தேன் மாதிரி வழிந்தது. காற்று துணியை மெதுவாகத் தூக்கும்போது அந்த இடமே ஒரு மூச்சு வாங்கியது. இறக்கும்போது விட்டது. துலுக்கச் சாமந்திப் பூவுக்குள் புகுந்து உட்கார்ந்த ஒரு சின்னப் பூச்சிக்கு உலகம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. குப்புசாமிகூடக் கயிற்றைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். 

புதுத் துணி இழுவை கொடுக்கும். கொஞ்ச நாள் கழித்துப் போய்க் கயிற்றை இறுக்கிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் திரும்பப் போனோம். அதற்குள் கீர்த்தனாவுக்குச் சுகப்பிரசவமாகி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தைதான். அண்ணன் வாசலிலேயே நின்று, "நாஞ் சொன்னனுங்களா இல்லீங்களா?" என்றார்.

பின்னால் போனோம். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. வீட்டு நிழல் மெல்ல பொடக்காளிக்குள் நீளத் தொடங்கிய நேரம். கயிற்றுக் கட்டிலில் கீர்த்தனா சாய்ந்திருந்தாள். பக்கத்தில் பழைய பருத்திச் சேலையை மடித்துப் போட்டு, அதன்மேல் குழந்தை. மேலே துணி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த மஞ்சளுக்குள் காலெடுத்து வைத்ததும் எனக்கும் தூக்கம் வருவது போல இருந்தது.

கீர்த்தனா போனில் புருஷனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. குழந்தையைப் பார்த்துவிட்டு, லீவு கிடைக்காமல் அங்கேயே திரும்பிப் போயிருந்தார்.

"பாப்பாவக் காட்டு. அடேயப்பா, தங்கமாட்டம் மின்னுறாளே! ஏதாச்சும் ஃபில்டர் போட்டிருக்கியா?"

"உங்க மாமனாருதான் போட்டிருக்காரு. மேல பாருங்க" என்று அவள் போனைத் துணிப் பக்கம் திருப்பினாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் கயிற்றைப் பார்க்க வந்தவள். ஆனால் கண் குழந்தையிடம் போய் நின்றுவிட்டது.

"நல்லாப் பால் குடிக்கிறாளா கண்ணு?" என்று கேட்டேன்.

"எங்கீங்க, தூங்கிக்கிட்டே இருக்கா. எழுப்பி எழுப்பிக் குடுக்க வேண்டியிருக்குது. ரெண்டு வாய் குடிச்சுட்டு மறுபடியும் தூங்கீருது."

"சமத்துக் கொழந்த. அழுகவே அழுகாது" என்றார் பாப்பாத்தி அக்கா, தண்ணீர்ச் செம்போடு வந்தபடியே.

 என் மகன் பிறந்தபோது அவனுக்குக் காமாலை வந்தது. அவனும் இப்படித்தான் எழுப்ப எழுப்பத் தூங்கினான். நர்ஸம்மா அவன் நெற்றியில் விரலை வைத்து அழுத்தி எடுத்து, அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பிறந்த குழந்தைகளில் நிறையப் பேருக்கு வருவதுதான், தானாகவே போய்விடும், ஆனால் சில பேருக்கு ஏறிக்கொண்டே போகும், விட்டால் ஆபத்து என்று அவர் அப்போது சொன்னார்.

குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள். என் கையைப் பார்த்தேன். அதுவும் மஞ்சள். சுவர் மஞ்சள். அண்ணனுடைய வெள்ளை வேட்டி மஞ்சள். எல்லாம் மஞ்சளாக இருக்கிற இடத்தில் இந்தக் குழந்தையின் சொந்த மஞ்சள் எது, என் துணி கொடுத்த மஞ்சள் எது என்று எப்படிப் பிரிப்பது? அந்த நிழலிலேயே இருப்பவர்களுக்குக் கண் பழகிப்போயிருக்கும். வேட்டி அவர்களுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். ராத்திரி வீட்டுக்குள் படுத்தாலும் சீரோ வாட்ஸ் பல்புதான் எரியும். ஆக, வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்தக் குழந்தையை அதன் நிறத்தில் யாருமே பார்க்கவில்லை.

மெதுவாகக் கேட்டேன். "அக்கா, பாப்பா கொஞ்சம் மஞ்சளா இருக்கிற மாதிரி..."

பாப்பாத்தி அக்காவின் முகம் மாறியது. "மஞ்சத்தண்ணி ஊத்தறமுங்க தெனமும். பொட்டப்புள்ளைக்கு ஊத்தாம? அப்பிடித்தான் இருக்கும்." செம்பை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைக் குழந்தையின் முகத்தின்மேல் இழுத்துவிட்டார். "பச்சப் புள்ளைய அப்பிடி உத்துப் பாக்காதீங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் யார்? துணி தைக்கிறவள். நல்ல காரியம் நடந்த வீட்டில் வந்து குழந்தையின் நிறத்தைப் பற்றிப் பேசினால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். கண் வைக்கிறாள் என்று நினைப்பார்கள். இன்னொரு வார்த்தை பேசினால் தலைப்பை இன்னும் இறுக்கிப் போர்த்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டு அறைக்குள் போய்விடுவார்கள். பேசாமல் வந்துவிட்டாலோ? ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நான்தான் எதற்கும் கவலைப்படுகிறவளாயிற்றே. காற்று அடித்தாலும் கவலை, அடிக்காவிட்டாலும் கவலை. ஆனால் அன்று ஒன்றைக் கவனித்தேன். மற்ற நாளில் என் கவலை ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு முடிச்சிலிருந்து இன்னொரு முடிச்சுக்கு. அன்று அது ஒரே இடத்தில் நின்றது. அந்தச் சேலைத் தலைப்பின் கீழே.

மேலே பார்த்தேன். துணியின் ஓரம் வெளிச்சத்தில் மின்னியது. என் தையல். ஒரு இழை பிசகாமல் இருந்தது. அப்போதுதான் தோன்றியது. குழந்தையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. துணியைப் பற்றிப் பேச இந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை.

வீட்டு நிழல் கட்டில் வரைக்கும் வந்துவிட்டதா என்று பார்த்தேன். வந்திருந்தது. துணி இல்லாவிட்டாலும் குழந்தையின்மேல் வெயில் படாது.

"குப்புசாமி, இதை இறக்குங்க" என்றேன்.

"எதயிங்கக்கா?"

"துணியை. முழுசா இறக்கணும்."

"நல்லாத்தானுக்கா நிக்குது? கயிறு இறுக்கத்தான வந்தோம்?"

"தையல் பிரிஞ்சிருக்கு. என் தப்பு. இப்பவே இறக்கணும்."

அண்ணன் சேரைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்னுங்கம்மிணி இது? புதுசாக் கட்டுன துணி! எங்க பிரிஞ்சிருக்குது, காட்டுங்க."

"நடுவுல அண்ணா. கீழேயிருந்து தெரியாது. காத்து ஒண்ணு பலமா வந்தா கிழிஞ்சு மேலேயே விழும்."

"செரி, நாளைக்குப் பாருங்க. புள்ள தூங்குதல்ல?"

"சத்தமில்லாம இறக்குறோம்."

"உங்க தையல நம்பி லாரியே ஓட்டறனுங்க நானு. எம்பட பேத்திக்கு மட்டும் இப்பிடியா தெச்சுக் குடுப்பீங்க?"

அந்தக் கேள்வி உள்ளே போய்க் குத்தியது. பதில் சொல்ல வாய் துடித்தது. சொல்லியிருந்தால் துணி மேலேயே இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்கண்ணா" என்றேன். குப்புசாமி என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். என் தையலை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர். எதுவும் கேட்காமல் முருங்கைப் பக்கத்து மூலைக் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

முதல் மூலை இறங்கியது. அங்கிருந்து மஞ்சள் பின்வாங்க ஆரம்பித்தது, வாய்க்காலில் மடையைத் திறந்தால் வயலில் நிற்கும் தண்ணீர் வடிவது போல. துவைக்கிற கல் முதலில் கல்லாக ஆனது. பிறகு சுவர் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்தது. இரண்டாவது மூலை. அண்ணனுடைய வேட்டி பளீரென்று வெளுத்தது. அக்கா கட்டியிருந்த சேலையை நான் அதுவரைக்கும் ஆரஞ்சு என்று நினைத்திருந்தேன். அது ரோஜா நிறம். மூன்றாவது மூலையைக் குப்புசாமி விட்டதும் துணி ஒரு பெருமூச்சோடு சரிந்து, முருங்கையோரம் போய்ச் சுருண்டது. மேலே வானம். மஞ்சளிலேயே இருந்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் நீலமாகத் தெரிந்தது.  தூங்கி எழுந்த மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காற்றில் சேலைத் தலைப்பு விலகியிருந்தது.

எல்லோரும் அவரவர் நிறத்துக்குத் திரும்பிவிட்டோம். குழந்தை மட்டும் திரும்பவில்லை.

 நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டே நின்றேன். கீர்த்தனா போனைக் கட்டிலில் வைத்தாள். தன் கையைக் குழந்தையின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"அம்மா."

"ஏங்கண்ணு?"

"பாப்பா ஏம்மா இன்னும் மஞ்சளாவே இருக்குது?"

"மஞ்சத்தண்ணி..." என்று ஆரம்பித்த அக்கா குனிந்து பார்த்தார். குழந்தையின் உள்ளங்காலைத் திருப்பினார். கண் இமையை விரலால் மெல்ல விலக்கினார்.  "சாமி... ஏனுங்க, இங்க வாங்க. ஏனுங்க! வண்டிய எடுங்க!"

அதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான். அண்ணன் சட்டைகூடப் போடாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காரை எடுத்தார். அவசரத்தில் கீர்த்தனா மாற்றிப் போட்டுக்கொண்டது அவள் அப்பாவின் செருப்பை. திருச்செங்கோட்டுப் பாதையில் கார் போன தூசி அடங்கும் வரைக்கும் நானும் குப்புசாமியும் வாசலில் நின்றோம். பூட்டாத வீட்டை விட்டுப் போக மனசில்லாமல் பின்னால் வந்து உட்கார்ந்தோம். மடியில் அந்தத் துணி. கட்டிலில் கிடந்த போனில் மாப்பிள்ளை மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எடுத்துப் பேச எங்களுக்குத் தைரியம் இல்லை.

"பிரியலதானுக்கா?" என்று குப்புசாமி ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்.

"பிரியல."

அவர் தலையாட்டினார். முருங்கை இலைகள் ஒவ்வொன்றாக எங்கள்மேல் விழுந்தன.

பொழுது சாயும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து தகவல் சொன்னார். குழந்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். காமாலை ரொம்ப ஏறியிருக்கிறது. அது இறங்க, நீல வெளிச்சம் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூளை வரைக்கும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இன்னும் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றும் சொன்னாராம்.

பார்க்கலாம் என்ற சொல் என் மாதிரி ஆளுக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்து வந்த நாட்களில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கால் மட்டும் மிதிக்கும், மனசு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். நான் அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்தது. கடை மாடியில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும்போது பார்த்த அதே கிணற்று ஆழத்து நீலம். அதற்குள் கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு, வெறும் உடம்போடு, அந்தச் சின்ன உயிர் மிதந்துகொண்டிருக்கும். ஒரு வெளிச்சம் மறைத்ததை இன்னொரு வெளிச்சம் கரைத்துக்கொண்டிருக்கும்.

அண்ணனிடமிருந்து போன் வந்தபோது எடுக்கவே பயந்தேன்.

"அம்மிணி, மஞ்சக் கொறஞ்சிருச்சுங்க. நாளைக்கு ஊட்டுக்கு அனுப்பறாங்களாம். இப்பத்தான் வீல்னு ஒரு அழுக. வார்டே எந்திரிச்சுருச்சு."

"நல்லதுங்கண்ணா" என்றேன். 

"மாத்துத் துணி எடுக்க ஊட்டுக்குப் போயிருந்தனுங்க. அந்த மஞ்சத் துணிய வாசல்ல விரிச்சுப் போட்டு, ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் பாத்துட்டனுங்க. பிரிஞ்ச தையல் எங்கீங்க?"

  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"செரி உடுங்க" என்று வைத்துவிட்டார்.

இதில் உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். நிழல் கேட்டு வருகிறவர்களிடம் இடத்தின் அகலத்தைக் கேட்கிறீர்கள், பைப்பின் கனத்தைக் கேட்கிறீர்கள். அதன் கீழே யார் இருக்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். நோயாளியா, கைக்குழந்தையா, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் யாராவது உண்டா என்று கேளுங்கள். நிறம் காட்டும் துண்டை மேஜையில் வைத்துக் காட்டாதீர்கள். தலைக்கு மேலே பிடித்துக் காட்டுங்கள். அடுத்தவர் வீட்டில் ஏதோ சரியில்லை என்று உங்கள் மனசுக்குப் பட்டு, அதைச் சொல்ல உங்களுக்கு இடம் இல்லையென்றால், உங்கள் வேலையில் குறை இருக்கிறது என்று சொல்லுங்கள். திட்டுவார்கள். ஆனால் துணியை இறக்க விடுவார்கள். நீங்கள் நினைத்தது தப்பாக இருந்தால் திரும்பக் கட்டிக்கொடுத்துவிட்டு வாருங்கள். பெயர் கெட்டால் இன்னொரு நல்ல துணி தைத்து அதை மீட்டுக்கொள்ளலாம்.

வெயில் காலம் கொஞ்சம் தணிந்த பிறகு, சேலத்தில் குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு அவர்கள் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். அண்ணன் வாசலிலேயே ஒதுங்கி நின்றார்.

"இந்தத் தடவ நாஞ் சொல்லலீங்க. அவளே எடுக்கட்டும்" என்று மகளைக் கைகாட்டினார்.

"நீங்க வாயே தொறக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வந்திருக்கறோம்" என்றார் பாப்பாத்தி அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். குழந்தையை என் கையில் கொடுத்தார். "பாருங்க. நல்லாப் பாருங்க."

பார்த்தேன். கறுத்த, உருண்ட முகம். கீர்த்தனாவின் நிறமே.

கீர்த்தனா துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாசல் வெளிச்சத்தில் குழந்தையின் முகத்துக்கு மேலே கூரை மாதிரி பிடித்தாள். பச்சை. குனிந்து பார்த்துவிட்டு வைத்தாள். காக்கி. வைத்தாள். சாம்பல் நிறத்தில் ஒன்றை ரொம்ப நேரம் பிடித்திருந்தாள். அதையும் வைத்தாள். கடைசியில் சாயம் போடாத பருத்திக் கித்தான் ஒன்று. துவைத்துக் காயப்போட்ட வேட்டி நிறம்.

"அழுக்காகுமே கண்ணு" என்றேன், பழக்கத்தில்.

"ஆகட்டுமுங்க. தொவச்சுக்கறோம்."

அதைப் பிடித்தபடியே அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். குழந்தை கொட்டாவி விட்டு, மெதுவாகக் கண்ணைத் திறந்து, மேலே அசைகிற துணியைப் பார்த்தது. விழியைச் சுற்றியிருந்த வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது.

"இதையே வெட்டுங்கக்கா" என்றாள் கீர்த்தனா.

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கத்தரியை எடுத்தேன்.